சின்ன பிக்கப்பில் பெரிய இன்ஜின்: செவ்ரோலே எஸ்-10 வண்டிக்கு 5.3 லிட்டர் வி8 ஏற்றும் முழுமையான வழிகாட்டி

எஸ்-10 பிக்கப்பின் பானட்டைத் திறந்து பார்த்தால், வி8 தாராளமாக உட்காரும் என்றுதான் தோன்றும். உட்காரவும் செய்யும். தகராறு செய்வதெல்லாம் அதைச் சுற்றி இருப்பவைதான்: அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப், இடப்பக்கம் ஸ்டீரிங் ஷாஃப்ட், வலப்பக்கம் ஹீட்டர் பெட்டி, முன்னால் ரேடியேட்டர், பின்னால் 7.5 அங்குல டிபரன்ஷியல். இன்ஜினை இறக்கி வைப்பது ஒரு வார இறுதி வேலை. மீதி வேலைக்கு அதைப்போலப் பல மடங்கு நாள் பிடிக்கும். அந்த மீதியை எந்த வரிசையில் செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி.

இங்கே எடுத்துக்கொள்வது 1994 முதல் 2003 வரை வந்த இரண்டாம் தலைமுறை எஸ்-10. அதன் இரட்டையான ஜிஎம்சி சொனோமாவுக்கும் எல்லாம் பொருந்தும். பின்சக்கர இயக்கம் உள்ள வண்டி மட்டும். நான்கு சக்கர இயக்க வண்டியில் முன் டிபரன்ஷியல் சம்ப்புக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. அதற்கான சம்ப், மவுண்டிங், உயரம் எல்லாமே வேறு கணக்கு. முதல் முயற்சியாக அதைத் தொடவேண்டாம். இடம், வலம் என்று சொல்வதெல்லாம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கும் திசை.

முதலில் சட்டம், அப்புறம் ஸ்பேனர்

அமெரிக்காவில் சாலையில் ஓட்டப்போகும் வண்டி என்றால், இன்ஜின் வாங்குவதற்கு முன்பே ஒரு விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாற்றிய பிறகு வண்டி, அதே ஆண்டின் அல்லது அதற்குப் பிந்தைய ஆண்டின் சான்றளிக்கப்பட்ட அமைப்பு ஒன்றோடு ஒத்துப்போக வேண்டும் என்பது கூட்டரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நிலைப்பாடு. அதாவது வண்டி 2001 மாடல் என்றால் இன்ஜின் 2001 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். 1999 இன்ஜின் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் பரிசோதனையில் அங்கேயே நின்றுவிடும்.

கலிஃபோர்னியாவில் வாகனப் பழுதுபார்ப்புத் துறையின் நடுவர் நேரில் பார்த்து, அந்த இன்ஜினோடு வந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், நான்கு ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பா எல்லாம் இடத்தில் இருந்தால்தான் லேபிள் ஒட்டுவார். கனரக வண்டியின் இன்ஜினை இலகுரக வண்டியில் வைப்பதும் அங்கே செல்லாது. இதனால் 2500 வகை டிரக்கிலிருந்து எடுத்த 6.0 லிட்டர் எவ்வளவு ஆசை காட்டினாலும் ஒதுக்கிவிடுவது நல்லது. கன்வெர்ட்டர், சென்சார், டப்பா மூன்றையும் கொடை வண்டியிலிருந்து, அதாவது இன்ஜினைக் கழற்றி எடுக்கும் பழைய வண்டியிலிருந்து, இன்ஜினோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள். பிறகு தனித்தனியாகத் தேடினால் செலவு இரட்டிப்பாகும்.

எந்த இன்ஜின்

நம் தேர்வு எல்எம்7. 1999 முதல் 2007 வரை ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) முழு அளவு டிரக்குகளில் வந்த, இரும்பு பிளாக் கொண்ட 5.3 லிட்டர், எல்எஸ் எனப்படும் வி8 குடும்பத்தைச் சேர்ந்தது. ஆண்டைப் பொறுத்து 270 முதல் 295 குதிரைத்திறன். எஸ்-10இன் 2.2 லிட்டர் நான்கு சிலிண்டர் சுமார் 120தான் கொடுக்கும். எல்33 என்ற அலுமினிய பிளாக் 5.3 கிடைத்தால் முன்பக்க எடை 35 முதல் 45 கிலோ குறையும். ஆனால் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும், விலையும் ஏறும்.

கிடங்கில் நிற்கும் இன்ஜின் 4.8ஆ 5.3ஆ என்று பிளாக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே வார்ப்பு, அதில் பொறித்திருப்பதும் '4.8/5.3' என்றுதான். சிலிண்டரின் விட்டம் (போர்) இரண்டிலும் 96 மில்லிமீட்டர். பிஸ்டன் நகரும் தூரம் (ஸ்ட்ரோக்) மட்டும் 4.8க்கு 83, 5.3க்கு 92 என்று வேறுபடும். கொடை வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணில் எட்டாவது எழுத்தைப் பாருங்கள்: ஆங்கில 'டி' என்றால் எல்எம்7, 'வி' என்றால் 4.8. வண்டியே இல்லாமல் இன்ஜின் மட்டும் தரையில் கிடந்தால், விற்பவர் வாய்ச்சொல்லை நம்பி 5.3 விலை கொடுக்காதீர்கள்.

அடுத்து இன்ஜினின் தலைமுறை. மூன்றாம் தலைமுறையில் கிராங்க்கில் 24 பல் சக்கரம், கிராங்க் சென்சார் கறுப்பு, கேம் சென்சார் பிளாக்கின் பின்புறம், இன்ஜின் தட்டுவதை உணரும் நாக் சென்சார்கள், காற்று உள்ளே போகும் இன்டேக்கிற்கு அடியில். நான்காம் தலைமுறையில் 58 பல், சாம்பல் நிற சென்சார், கேம் சென்சார் முன் மூடியில், நாக் சென்சார்கள் பிளாக்கின் பக்கவாட்டில். இந்த இரண்டின் கம்ப்யூட்டரையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாது. நான்காம் தலைமுறை 5.3 பலவற்றில் நான்கு சிலிண்டரை அணைத்து ஓட்டும் ஏற்பாடு உண்டு. அதன் லிஃப்டர்கள் கெட்டுப்போவதற்குப் பேர்போனவை. ஆண்டு விதி இடம் கொடுத்தால் மூன்றாம் தலைமுறையே நிம்மதி.

ஆக்சிலரேட்டர் கேபிளா, மின்சார த்ராட்டிலா என்பதும் முக்கியம். 2002 வரை பெரும்பாலும் கேபிள், 2003 முதல் பெரும்பாலும் மின்சாரம். மின்சாரம் என்றால் மிதி, த்ராட்டில் பாடி, அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி, கம்ப்யூட்டர் நான்கும் ஒரே வண்டியிலிருந்து வரவேண்டும்.

ஜிஎம்மின் பழைய வி8 ஆன ஸ்மால் பிளாக் 350 (5.7 லிட்டர்) போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 4.3 லிட்டர் வி6 வண்டி வைத்திருப்பவருக்கு அது எளிய வழிதான். 4.3 என்பதே 350இல் இரண்டு சிலிண்டரை வெட்டி எடுத்த வடிவம். இன்ஜினோடு கியர்பாக்ஸ் சேரும் கூடான பெல்ஹவுசிங்கின் துளைகள் ஒன்றே, நீளத்தில் மட்டும் ஒரு சிலிண்டர் இடைவெளி, அதாவது சுமார் 112 மில்லிமீட்டர், கூடுதல். ஆனால் எரிபொருள் செலவிலும் குளிர்காலத்தில் ஸ்டார்ட் ஆவதிலும் எல்எஸ் குடும்பத்துக்கு அது ஈடாகாது. 2.2 லிட்டர் வண்டிக்காரருக்கு அந்தச் சலுகையும் இல்லை. அதன் பெல்ஹவுசிங் முற்றிலும் வேறு.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஓடும் வண்டியிலிருந்து வாங்குவதே மேல். சூடான இன்ஜினில் எட்டு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து கம்ப்ரஷன் பாருங்கள். எந்தச் சிலிண்டரும் 100 பிஎஸ்ஐக்குக் கீழே இருக்கக் கூடாது. மிகக் குறைந்தது மிக அதிகமானதில் 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இவை கம்பெனி சொல்லும் அடிமட்டம், நல்ல 5.3 இதைவிட வெகு மேலே நிற்கும்.

ரேடியேட்டர் தண்ணீர் வெளியே கசியாமலேயே குறைகிறது என்று விற்பவர் சொன்னாலோ, ஆயில் மூடிக்கு அடியில் காப்பி நிறத்தில் குழம்பு ஒட்டியிருந்தாலோ, வால்வு கவரைத் திறந்து பாருங்கள். 706 எண் கொண்ட ஹெட்டுகளில் 'காஸ்டெக்' முத்திரை உள்ளவற்றில் விரிசல் விழுந்து தண்ணீர் ஆயிலில் இறங்குவது அறியப்பட்ட குறை. விரிசல் வெளியே தெரியாது; ராக்கர்களுக்கு நடுவே ஹெட் போல்ட் ஓரங்களில் பால் போல வெளுத்திருக்கும் இடத்தைத் தேட வேண்டும்.

இன்ஜினோடு வரவேண்டியவை: 4எல்60-இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், இன்ஜின் விசையை அதற்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர், அதைக் கிராங்க்கோடு இணைக்கும் ஃப்ளெக்ஸ்பிளேட் தகடு, கம்ப்யூட்டர், வெட்டாத முழு வயரிங், ஆக்சிஜன் சென்சார்கள், காற்று அளவு சென்சார், செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீரிங் பம்ப், எல்லாப் பிராக்கெட்டுகளும். வயரிங்கைக் கத்தரிக்கோல் போட்டு வெட்டித் தருகிறேன் என்றால் வாங்க மறுத்துவிடுங்கள். 4.3 வண்டியின் சொந்த 4எல்60-இ கியர்பாக்ஸை அப்படியே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதன் இன்புட் ஷாஃப்டும் கன்வெர்ட்டரும் எல்எஸ் இன்ஜினுக்கானவை அல்ல. எல்எஸ்ஸில் கிராங்க் முகம் பழைய பிளாக்கைவிடச் சுமார் 10 மில்லிமீட்டர் உள்வாங்கி இருப்பதால், 700ஆர்4 போன்ற பழைய கியர்பாக்ஸுக்கு இடையில் ஸ்பேசர் போட்டே ஆகவேண்டும். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே ஜோடியாக வந்தால் இந்தத் தலைவலி ஒன்றும் இல்லை.

பழையதை இறக்குதல்

பேட்டரி, ஏசி வாயு, எரிபொருள் அழுத்தம் மூன்றையும் முதலில் விடுவியுங்கள். ஏசி வாயுவைக் காற்றில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம். உரிய கருவி உள்ளவரிடம் உறிஞ்சி எடுக்கக் கொடுங்கள். பானட்டைக் கீல் இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு கழற்றுங்கள். ரேடியேட்டரும் அதன் மேல் பட்டையும் வெளியே வந்தால், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகவே செயின் பிளாக்கில் தூக்கிவிடலாம். இரண்டு டன் தாங்கும் கொக்கியும், சாய்வைத் திருகி மாற்றும் லெவலரும் வேண்டும். பின்முனையைத் தாழ்த்தித்தான் வெளியே எடுக்க முடியும்.

பழைய வயரிங்கில் உடலுக்குப் போகும் கனெக்டர்களை வெட்டாமல், ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு ஒட்டிவிடுங்கள். சேசிஸை அழுத்தத் தண்ணீரில் கழுவி, முன் குறுக்குச் சட்டத்தில் துரு, விரிசல் இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல நேரம் வராது. பிரேக் குழாய்களையும் இப்போதே தொட்டுப் பாருங்கள்.

சம்ப்: எல்லாவற்றையும் தீர்மானிக்கும் பாகம்

கொடை டிரக்கின் சொந்த சம்ப் ஆழமானது. எஸ்-10இல் அதை வைத்தால் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே தொங்கும். ஒரு வேகத்தடையோ கல்லோ போதும், அலுமினியம் பிளந்து ஆயில் மொத்தமும் தரைக்கு வந்துவிடும். தொங்காமல் இருக்க இன்ஜினைத் தூக்கி வைத்தால், டிரக்கின் உயரமான இன்டேக் பானட்டில் இடிக்கும். பின்சக்கரத்துக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் கெடும். அதனால்தான் சம்ப்பை முடிவு செய்யாமல் மவுண்டிங் வாங்கவே கூடாது என்கிறோம்.

பரவலாகப் பயன்படுவது 1998 முதல் 2002 வரை வந்த செவ்ரோலே கமாரோ காரின் சம்ப். அதை மட்டும் தனியாக வாங்கினால் போதாது; சம்ப்பிலிருந்து பம்ப்புக்கு ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாய், ஆயில் தெறிப்புத் தகடு, ஆயில் அளவுக் கம்பி, அதன் குழாய் எல்லாம் செட்டாக வேண்டும். மாற்றிய பிறகு ஃபில்டரோடு ஆயில் கொள்ளளவு சுமார் 5.2 லிட்டர். மாற்று இன்ஜின் வேலைக்கென்றே வார்க்கப்பட்ட வெளிச்சந்தை சம்ப்புகளும் உண்டு. குறுக்குச் சட்டத்தை வெட்டிச் சம்ப்புக்கு வழிவிடலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். முன் சஸ்பென்ஷனின் கைகள் அதில்தான் தொங்குகின்றன.

பொருத்தும்போது இரண்டு இடத்தில் கவனம் சிதறக் கூடாது. முதலாவது, பிக்கப் குழாயின் ஓ-ரிங். புதியதாக, பம்ப்புக்குச் சரியான அளவில், ஆயில் தடவி நேராகச் செருகுங்கள். போல்ட்டை முறுக்கியே குழாயை உள்ளே இழுத்தால் ஓ-ரிங் கடிபட்டு, பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். இன்ஜின் ஓடும், ஆனால் பிரஷர் ஏறாது. காரணம் தேடி மறுபடி சம்ப்பைக் கழற்ற இன்ஜினையே தூக்க வேண்டிவரும். இரண்டாவது, சம்ப்பின் பின்முகம். இந்தச் சம்ப் வெறும் தட்டு அல்ல, கியர்பாக்ஸோடு போல்ட் போட்டு இணையும் தாங்கு பாகம். பிளாக்கின் பின்முகமும் சம்ப்பின் பின்முகமும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று நேர்கோல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போல்ட்டுகளை 25 நியூட்டன் மீட்டருக்கு முறுக்க வேண்டும். மட்டம் தவறியிருந்தால் கியர்பாக்ஸை இறுக்கும்போது சம்ப்பின் காது உடையும். முன், பின் மூடிகள் பிளாக்கைச் சந்திக்கும் நான்கு மூலைகளிலும் ஒரு சொட்டு சிலிக்கான் சீலன்ட் வைக்க மறக்காதீர்கள்.

வெறும் இன்ஜினை வைத்து அளவெடுத்தல்

இன்டேக், ஆல்டர்னேட்டர், வயரிங் எதுவும் இல்லாமல், பிளாக், ஹெட், சம்ப், கியர்பாக்ஸ் மட்டும் சேர்த்து இறக்குங்கள். எக்ஸாஸ்ட் மேனிபோல்ட் மட்டும் இருக்கட்டும். மவுண்டிங் பிளேட்டுகளை விரலால் மட்டும் திருகி வையுங்கள். பிறகு இந்த இடைவெளிகளைப் பாருங்கள்:

- சம்ப்புக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே குறைந்தது 12 மில்லிமீட்டர்
- ஹெட்டின் பின்முனைக்கும் இன்ஜினைக் கேபினிலிருந்து பிரிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே 20 முதல் 25
- இடது மேனிபோல்ட்டுக்கும் ஸ்டீரிங் ஷாஃப்டுக்கும் நடுவே 20, அதுவும் ஸ்டீரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பிளாக்கின் இடப்பக்கம் எழும்பி வலப்பக்கம் அமுங்கும். ரப்பர் மவுண்டிங்கில் இந்த அசைவு சிறியதல்ல. இன்ஜின் அசையாமல் இருக்கும்போது வலது ஓரம் எதையும் தொடாமல் இருந்தால் மட்டும் போதாது.

ஏசி உள்ள வண்டியில் ஹீட்டர் பெட்டி வலது ஹெட்டின் பின்பகுதியை நெருக்கும். இன்ஜினை முன்னால் தள்ளினால் ஃபேனுக்கு இடம் போகும், பின்னால் தள்ளினால் பெட்டியை வெட்டி ஒட்டவேண்டும். முன் எடையை நினைத்தால் பின்னால் தள்ளுவதுதான் சரி. டிரக்கின் ஏசி கம்ப்ரசர் வலப்பக்கம் தாழ்வாகத் தொங்குவதால் சேசிஸ் சட்டத்தில் முட்டும். சட்டத்தை வெட்டிப் பெட்டி வைத்து வெல்டிங் செய்வதைவிட, கம்ப்ரசரை மேலே ஏற்றும் பிராக்கெட் வாங்குவது புத்திசாலித்தனம். பெல்ட் வரிசையிலும் ஒரு நுணுக்கம்: கார்வெட், கமாரோ, டிரக் மூன்றுக்கும் புல்லி வெவ்வேறு தூரத்தில் நிற்கும். கார்வெட்டுக்கு மிகக் குட்டை. டிரக் அதைவிடச் சுமார் ஒன்றரை அங்குலம் முன்னால். ஒன்றின் வாட்டர் பம்ப்பும் மற்றொன்றின் கிராங்க் புல்லியும் கலந்தால் பெல்ட் கழன்று பறக்கும்.

இடம் பிடித்தபிறகு கோணம். கியர்பாக்ஸின் வால் சுமார் 3 டிகிரி தாழ்ந்திருக்க வேண்டும். அதை அமைத்து, கியர்பாக்ஸ் குறுக்குத் தாங்கிக்குப் புதிய இடம் குறித்து, அதன் பின்தான் மவுண்டிங்குகளைத் துளையிடுவதோ வெல்டிங் செய்வதோ.

கியர்பாக்ஸை இணைத்தல்

ஃப்ளெக்ஸ்பிளேட் போல்ட்டுகளுக்கு நூல் பூட்டுப் பசை தடவி, குறுக்கு மறுக்காக மூன்று சுற்றாக முறுக்குங்கள்: 20, 50, கடைசியில் 100 நியூட்டன் மீட்டர். டார்க் கன்வெர்ட்டரைக் கியர்பாக்ஸுக்குள் தள்ளிக்கொண்டே சுழற்றும்போது படிப்படியாக உள்ளே விழுந்து உட்காரும். முழுக்க உட்காராமல் இன்ஜினோடு சேர்த்து போல்ட்டால் இழுத்தால் கியர்பாக்ஸின் பம்ப் உடைந்துவிடும்.

சரியாக உட்கார்ந்ததா என்று கண்டுபிடிக்க எளிய வழி: பெல்ஹவுசிங் பிளாக்கோடு கையால் ஒட்டியதும் கன்வெர்ட்டர் தனியாகச் சுழல வேண்டும், அதற்கும் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி தெரியவேண்டும். தெரியவில்லை என்றால் நிறுத்துங்கள், கழற்றுங்கள். பெல்ஹவுசிங் போல்ட்டுகள் 50 நியூட்டன் மீட்டர், கன்வெர்ட்டர் போல்ட்டுகள் 63.

ஷாஃப்ட், பின் டிபரன்ஷியல்

புரொபெல்லர் ஷாஃப்டின் நீளத்தை வண்டியின் எடை சக்கரங்களில் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும் வண்டியில் எடுத்த அளவு தப்பாகத்தான் வரும். ஷாஃப்டின் முன்முனையில் உள்ள நுகத்தைக் கியர்பாக்ஸுக்குள் முட்டும் வரை தள்ளி, 20 முதல் 25 மில்லிமீட்டர் வெளியே இழுத்து, அந்த நிலையில் பின் கிராஸ் ஜாயிண்ட் மையம் வரை அளந்து கொடுங்கள். புதிய ஷாஃப்டைக் கட்டாயம் பாலன்ஸ் செய்ய வேண்டும். டிபரன்ஷியலின் முன்தண்டான பினியனின் கோணம் கியர்பாக்ஸின் கோணத்துக்குச் சமமாகவும் எதிராகவும் அமைந்து, ஒவ்வொரு ஜாயிண்டும் 1 முதல் 3 டிகிரிக்குள் வேலை செய்யட்டும். பூஜ்யமும் கூடாது, ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் குழி விழுந்துவிடும்.

7.5 அங்குல டிபரன்ஷியல் நிதானமாக ஓட்டும் வரை தாங்கும். நல்ல டயர் போட்டு நின்ற இடத்திலிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஆயுள் குறைவு. அதே ஜிஎம் குடும்பத்தின் 8.5 அங்குலமோ, ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குலமோ போடுவது வழக்கம். எக்ஸ்ப்ளோரருடையது எஸ்-10 பின்சக்கர வண்டிக்கு அகலம் கூடுதல், சக்கர போல்ட் வட்டமும் 4.5 அங்குலம், எஸ்-10க்கு 4.75. ஆக முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் ஒரே ரிம் பொருந்தாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நான்கு சிலிண்டர் வண்டியில் 4.10 பல் விகிதம் இருந்தால் வி8க்கு அது தேவையில்லாத அவசரம். நான்காவது கியரின் விகிதம் 0.70. 27 அங்குல டயரில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு 4.10 என்றால் இன்ஜின் சுமார் 2,200 சுற்று, 3.42 என்றால் 1,850. நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு 3.42 அல்லது 3.73 போதும்.

எரிபொருள்

இந்த இன்ஜினுக்கு 58 பிஎஸ்ஐ நிலையாக வேண்டும். நான்கு சிலிண்டர் வண்டியின் பம்ப் அதைத் தராது. டாங்க்கை இறக்கி, மணிக்கு 255 லிட்டர் தரும் வகைப் பம்ப்பைப் போடுவது வழக்கம். அழுத்தக் கட்டுப்பாட்டுக்கு 1999 முதல் 2003 வரை வந்த கார்வெட்டின் ஃபில்டரே போதும். ரெகுலேட்டர் அதற்குள்ளேயே இருக்கிறது. மூன்று வாய்: டாங்க்கிலிருந்து வருவது, டாங்க்குக்குத் திரும்புவது, இன்ஜினுக்குப் போவது. அதை டாங்க் பக்கத்திலேயே பிடித்து வைத்தால் இன்ஜின் வரை ஒரே குழாய். உயர் அழுத்தத்துக்கான ரப்பர் குழாயும் அதற்குரிய கிளாம்ப்பும்தான் போடவேண்டும். கார்புரேட்டர் வண்டிக் குழாயும் புழுக் கிளாம்ப்பும் 58 பிஎஸ்ஐயில் கழன்று, சூடான மேனிபோல்ட்டில் பெட்ரோல் தெளிக்கும்.

கூலிங்

தகராறுகளில் பாதி இங்கேதான். எல்எஸ் ஹெட்டுகளின் மேல் மூலைகளில் நீராவி வெளியேறும் துளைகள் உண்டு. அவற்றைச் சேர்க்கும் மெல்லிய குழாயை ரேடியேட்டரின் மேல்பகுதிக்கோ விரிவுத் தொட்டிக்கோ கொண்டுபோக வேண்டும். அடைத்துவிட்டால் காற்று ஹெட்டுக்குள் சிக்கும். மீட்டர் சாதாரணமாகக் காட்டும்போதே பின் சிலிண்டர்கள் கொதிக்கும்.

தெர்மோஸ்டாட் பம்ப்பின் உள்வரும் பக்கத்தில் இருப்பதால், ஹீட்டர் குழாய்களில் தண்ணீர் சுற்றினால்தான் அதற்குச் சூடு தெரியும். ஹீட்டர் வேண்டாம் என்று இரண்டு வாயையும் மூடியவர்களின் வண்டியில் வெப்பநிலை ஊஞ்சலாடும். ஹீட்டர் இல்லாவிட்டால் இரண்டையும் ஒரே குழாயால் இணைத்துவிடுங்கள்.

டிரக்கின் இயந்திர ஃபேனுக்கு இடமில்லை. இரட்டை மின் ஃபேன், முழுக் கவசத்தோடு. கவசம் இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதியை மட்டும்தான் குளிர்விக்கும். ஒவ்வொரு ஃபேனுக்கும் தனி ரிலே, 30 முதல் 40 ஆம்பியர் ஃப்யூஸ். கியர்பாக்ஸ் ஆயிலுக்குத் தனிக் கூலர் வையுங்கள்.

எக்ஸாஸ்ட்

எஸ்-10க்கென்றே செய்த ஹெட்டர் (குழாய்களால் ஆன எக்ஸாஸ்ட் மேனிபோல்ட்) கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். ஆக்சிஜன் சென்சாரைக் குழாயின் அடியில் பொருத்தாதீர்கள். கிடைமட்டத்துக்கு 10 டிகிரியாவது மேலே நின்றால்தான் நீர்த்துளி அதைக் கொல்லாது. சென்சாருக்கு முன்னால் சிறு காற்றுக் கசிவு இருந்தாலும் கம்ப்யூட்டர் கலவை மெலிந்துவிட்டது என்று நினைத்து பெட்ரோலை அள்ளி ஊற்றும்.

வயரிங், கம்ப்யூட்டர்

பயப்படும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை, பொறுமை மட்டும் வேண்டும். டிரக் வயரிங்கை மேசையில் விரித்து, இன்ஜின், கியர்பாக்ஸ் ஓடத் தேவையானவற்றை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடலாம். ஜிஎம் வழக்கப்படி ஆரஞ்சு வயர் நிரந்தர பேட்டரி, இளஞ்சிவப்பு வயர் கீ போட்டதும் வருவது, கறுப்பும் கறுப்பு-வெள்ளையும் எர்த். வண்டியோடு சேரவேண்டியவை சிலதான்: நிரந்தர மின்சாரம், கீ மின்சாரம், எர்த், பெட்ரோல் பம்ப் ரிலே, ஃபேன் ரிலேக்கள், எச்சரிக்கை விளக்கு, பரிசோதனைக் கனெக்டர், மீட்டர்களுக்கான சிக்னல். இடப்பக்க இன்ஜெக்டர்-காயில், வலப்பக்க இன்ஜெக்டர்-காயில், கம்ப்யூட்டர், ஆக்சிஜன் சென்சார் என்று தலா 15 ஆம்பியர் ஃப்யூஸ் பிரித்துக் கொடுங்கள்.

கீ மின்சாரம் எடுக்கும் இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ரேடியோவுக்குப் போகும் வயரில் எடுத்தால், செல்ஃப் அடிக்கும்போது மின்சாரம் போய்விடும். இன்ஜின் சுற்றும், பிடிக்காது. கீயை விட்ட நொடி ஒரு உறுமல் கேட்கும். கீ 'ஆன்' நிலையிலும் செல்ஃப் அடிக்கும் நிலையிலும் மின்சாரம் இருக்கும் வயரை மீட்டர் வைத்துத் தேடுங்கள். எர்த் வயர்கள் ஹெட்டின் பின்னால் பெயின்ட் இல்லாத சுத்தமான இடத்தில் போல்ட் ஆகவேண்டும். பிளாக்கிலிருந்து சேசிஸுக்கும், பிளாக்கிலிருந்து கேபினுக்கும் தனித்தனித் தடித்த கம்பி வேண்டும். எர்த் சரியில்லாத வண்டி தினம் ஒரு புது நோயைக் காட்டும்.

கம்ப்யூட்டரில் மாற்றவேண்டியவை: திருட்டுத் தடுப்பு நீக்கம், மின் ஃபேன் இயக்கம், டயர் அளவு, பல் விகிதம். திருட்டுத் தடுப்பை எடுக்காவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகி இரண்டு மூன்று நொடியில் அணைந்துவிடும். இதைப் பெட்ரோல் பிரச்சினை என்று நினைத்துப் பம்ப்பை மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். இன்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டருக்குப் போகும் சிக்னல் நான்கு சிலிண்டர் கணக்கில் வரும். வெளிச்சந்தை டாக்கோ என்றால் நான்கு சிலிண்டர் அமைப்பில் வையுங்கள்.

முதல் ஸ்டார்ட்

பெட்ரோல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, பிளக்குகளையும் கழற்றி, ஆயில் பிரஷர் மீட்டர் அசையும் வரை செல்ஃப் அடியுங்கள். ஒருமுறைக்கு 10 நொடி, பிறகு செல்ஃப் மோட்டார் ஆறவேண்டும். பிரஷர் வராவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிக்கப் ஓ-ரிங்கைச் சந்தேகப்படுங்கள். பிரஷர் வந்ததும் பிளக்கைப் போட்டு, ஃப்யூஸை வைத்து, கீயை 'ஆன்' மட்டும் செய்யுங்கள். பம்ப் இரண்டு நொடி ஓடி நிற்கும். ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் தீயணைப்பான் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

சூடான பிறகு கம்பெனி சொல்லும் குறைந்தபட்ச ஆயில் பிரஷர் 1,000 சுற்றில் 6 பிஎஸ்ஐ, 2,000இல் 18, 4,000இல் 24. இந்த எண்ணைத் தொட்டுக்கொண்டு நிற்கும் இன்ஜின் தேய்ந்துபோன இன்ஜின். தண்ணீரை நிரப்பும்போது வண்டியின் மூக்கு உயர்ந்திருக்கட்டும், காற்று சீக்கிரம் வெளியேறும். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை அங்கிருந்து நகரவேண்டாம். கியர்பாக்ஸ் ஆயிலை இன்ஜின் ஓடும்போது, எல்லாக் கியரையும் ஒருமுறை போட்டு எடுத்தபிறகு பார்த்து நிரப்புங்கள்.

சாலைக்கு வருமுன்

நான்கு சிலிண்டர் வண்டியின் முன் ஸ்பிரிங் இந்த எடையில் அமுங்கிவிடும். ஏசி உள்ள வி6 வண்டியின் ஸ்பிரிங்கோ அதைவிடக் கடினமானதோ போட்டு, அதன் பின் வீல் அலைன்மென்ட். பிரேக்கை இன்ஜினுக்குச் செலவு செய்ததில் மிஞ்சிய காசில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். புதிய ரோட்டர், பேட், ஹோஸ், திரவம் எல்லாம் முதல் ஓட்டத்துக்கு முன்பே மாறியிருக்க வேண்டும்.

முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு இன்ஜின் மவுண்டிங், கியர்பாக்ஸ் தாங்கி, ஷாஃப்ட் போல்ட், எக்ஸாஸ்ட் ஃபிளேஞ்ச் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பாருங்கள். 800 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி ஃபில்டரை வெட்டித் திறந்து பார்த்தால் உள்ளே உலோகத் தூள் உண்டா என்று தெரிந்துவிடும். 70 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் தரையில் ஒரு அதிர்வு வந்தால், டயரைக் குறை சொல்வதற்கு முன் ஆங்கிள் மீட்டரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போங்கள். கியர்பாக்ஸ் தாங்கிக்கு அடியில் 3 மில்லிமீட்டர் தகடு ஒன்று வைப்பதோடு அது பெரும்பாலும் தீர்ந்துவிடும்.